பேத்தியின் எடை

முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் மூட்டை சுமந்தவர் என் அப்பா. பிடரிக்குக் கீழே தோல் குதிகாலைப் போலத் தடித்திருக்கும். வேலையை விட்ட பின்னும் காலி சிலிண்டரைக்கூட எங்களைத் தொட விடமாட்டார். "என் கை ஒரு தடவை பிடிச்சா விடாது" என்பார். அதைத் தவிர அவர் பெருமை பேசிக் கேட்டதில்லை.

அத்தான் கார் வாங்கியதும் எல்லோரும் வெளியூர் கிளம்பினோம். பின் இருக்கையில் குழந்தைக்கென்று பொருத்திய நாற்காலியிலிருந்து பேத்தியை அவிழ்த்தெடுத்து, முன்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் அப்பா.

"அதுலயே இருக்கட்டுமே மாமா," என்றார் அத்தான் தயங்கி.

"பத்துக் கிலோ மாப்ளே. எனக்குத் தோள்ல துண்டு மாதிரி."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "பள்ளிக்கூடத்துல இயற்பியல் நடத்துறியே, இங்க நடத்து பாப்போம்."

கதவருகே குனிந்தேன். "அப்பா, பெரிய ரோட்டுல வண்டி நொடிக்கு இருபது மீட்டர் போகும். பாப்பாவும் அதே வேகத்துலதான் போவா. பத்து கிலோவை இருபதால பெருக்கினா இருநூறு. அதுதான் அவளோட உந்தம். அவளை நிறுத்தணும்னா அந்த இருநூறையும் உங்க கை வாங்கணும்."

"வாங்கிட்டுப் போகுது."

"மெதுவா பிரேக் போட்டு நாலு நொடியில நின்னா, இருநூறை நாலால வகுத்தா ஐம்பது நியூட்டன். பத்து நியூட்டன் ஒரு கிலோ பாரம்னு வச்சா, அஞ்சு கிலோதான். எதுலயாவது மோதினா, ஒரு நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ள நின்னுடும். நேரம் குறையக் குறைய பாரம் ஏறும்ப்பா. அப்போ ரெண்டாயிரம் நியூட்டன், அதாவது இருநூறு கிலோ."

"ரெண்டு மூட்டை," என்றார் அவர். உடனே, "வயசுல பந்தயத்துக்குத் தூக்கியிருக்கேன்."

"அட, அப்பாகூட பழம்பெருமை பேசறாரே," என்றாள் அக்கா.

அப்பா சிரிக்கவில்லை. குழந்தையின் இடுப்பைச் சுற்றியிருந்த தன் கைகளையே பார்த்தார்.

"லாரியிலேருந்து மூட்டை இறக்கறப்போ, கீழ நிக்கிறவன் 'ம்' சொல்லணும். சொன்னாத்தான் மேல இருக்கிறவன் கைய விடுவான். ஒருநாள் நான் சொல்றதுக்கு முன்னாடியே விட்டுட்டான். ஒரே ஒரு மூட்டைதான்."

அந்த வருடம் எனக்கு ஆறு வயது. தோள் விலகி மூன்று மாதம் இடக்கையால் சாப்பிட்டார்.

"இது சொல்லிட்டு வருமா?" என்று கேட்டார்.

"வராதுப்பா. கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அப்பா இறங்கி, பேத்தியைப் பின் நாற்காலியில் வைத்தார். அவருடைய பெரிய விரல்களுக்கு அதன் பெல்ட் கொக்கி பிடிபடவில்லை. நான் மாட்டிக் காட்டியதும், அவிழ்த்துவிட்டு, மறுபடி தானே மாட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வண்டி நகர்ந்ததும் குழந்தை வீறிட்டழுதது. தாத்தாவிடம் தாவ இரு கைகளையும் நீட்டியது. அவர் ஒரு விரலை மட்டும் கொடுத்தார்.

"அழும்மா. தாத்தா தூக்க மாட்டேன்," என்றார்.