அடியிலும் ஒரு பிடி

டின்சி வண்டன்மேட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் ஆறு வருடமாகக் காய் தரம் பிரிக்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன், கூட இருக்கும் பெண்கள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நம்பத் தொடங்கினாள். ரோட்டில் யாராவது ஹாரன் அடித்தால் அதுவும் தனக்கான சைகை. தூக்கம் போனது. ஒருநாள் காய்த் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள்.

சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பியவளை மேற்பார்வையாளர் ராஜசேகர் வாசலிலேயே மறித்தார்.

"வீட்டுல இரு புள்ள. மறுபடி அப்படித் தோணுச்சுன்னா?"

"தோணத்தாண்ணே செய்யும். இப்பக்கூட வர்ற வழியில ஜீப்புல சிரிச்சாளுக, என்னையத்தான்னு தோணுச்சு."

"பாத்தியா?"

"மூட்டைக்கு மேல ஒரு பிடி அள்ளித் தரம் சொன்னா விடுவீங்களா? அடியிலயும் கைய விடணும்ல. அதான் என்னன்னு அவளுககிட்டயே கேட்டேன். நம்ம ஸ்டோர் கற்பகத்தோட மாமியா பல்செட்ட டீக்குள்ள போட்டுருச்சாம்."

ராஜசேகர் சிரிப்பை அடக்கினார்.

"நீங்க ஒருநாள் கூத்த வச்சு எனக்குத் தரம் சொல்றீங்க. ஆறு வருசம் கெடக்கு. அதுலயும் கைய விட்டுப் பாருங்க."

உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. டின்சியின் முகம் ஒரு கணம் இறுகியது.

"எதுக்குடி சிரிக்கிறீக?" என்று உரக்கக் கேட்டபடி அவரைத் தாண்டி உள்ளே போனாள்.