குடோனில் அடித்த டிரம்ஸ்: ‘சுடுபாறை’ ஆல்பம் பதிவான கதை

மைக்கை ஆன் செய்ததும் ஹெட்போனில் அமைதி கேட்க வேண்டும். அன்று காலை பத்தரைக்கு எனக்குக் கேட்டது பக்திப்பாட்டு. அதுவும் நானே ரெக்கார்ட் செய்து, நானே மிக்ஸ் செய்த பாட்டு.

அடி அண்ணாமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் பதினோரு வருஷம் அசிஸ்டென்ட் இன்ஜினியர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கேபிள் சுற்றுகிற வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் இன்றைக்குத் தங்கள் பேத்தியின் பாட்டைப் பதிவு செய்ய என்னிடம்தான் வருகிறார்கள். பக்திப்பாட்டு, தேர்தல் ஆட்டோவுக்கு அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவுக்கு டான்ஸ் டிராக் என்று எல்லாம் செய்வேன். இந்த ஊர்க் கம்பங்களில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களில் பாடுகிற குரல்களில் பாதி என் மைக் வழியாகப் போனவை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு உபயோகப்படும் என்று ஒரு சம்பவத்தை மட்டும் எழுதுகிறேன். அதில் நான் செய்த முட்டாள்தனமும் இருக்கிறது.

உறுமலுக்கு என்ன மைக்?

நான்கு பேர் வந்தார்கள். கறுப்பு டி-ஷர்ட், அதில் மண்டை ஓடு. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரவீன்தான் பாட்டுகளை எழுதுகிறவன், கிடாரும் அவன்தான். பேஸ் வாசிப்பது அவன் தம்பி நந்தா. டிரம்ஸ் சதீஷ், வளைகுடாவில் ஏசி மெக்கானிக். பாடுகிறவர் வெங்கடேசன். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது.

“மெலோடிக் டெத் மெட்டல்க்கா. எட்டு பாட்டு. எங்க மொத ஆல்பம்” என்றான் பிரவீன்.

“அப்படின்னா?”

“கிடார்ல ராகம் இருக்கும், டிரம்ஸ் நிக்காம ஓடும், இவரு உறுமுவாரு.”

உறுமிக் காட்டச் சொன்னேன். வெங்கடேசன் கூச்சத்தோடு கண்ணாடியைக் கழற்றி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். என் லெவல் மீட்டர் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “ஜாஸ்தியா போச்சுங்களா மேடம்?” என்று மெல்லக் கேட்டார். எனக்கு அந்த நிமிடமே அவர்களைப் பிடித்துவிட்டது.

ஆறு வருஷமாக இந்த எட்டுப் பாட்டையும் வாசித்துப் பழகியிருக்கிறார்கள். சதீஷ் வளைகுடாவுக்குப் போன பிறகு, அவன் லீவில் வரும்போது மட்டும் பயிற்சி. இந்த முறை ஒரு மாத லீவு. அக்கா கல்யாணம், வீட்டு வேலை எல்லாம் போக மிச்சம் இருந்தது மூன்றே நாள். மற்றவர்கள் தங்கள் பாகத்தைப் பின்னால் எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு பதிவு செய்யலாம். சதீஷ் அடிப்பதை மட்டும் இப்போதே எடுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து.

நான் போட்ட கணக்கு இது. முதல் நாள் டிரம்ஸ் செட்டைப் பூட்டி, மைக் வைத்து, சவுண்ட் பார்ப்பது. இரண்டாம் நாள் காலையிலிருந்து மாலை வரை ரெக்கார்டிங். மூன்றாம் நாள் பௌர்ணமி, ஸ்டுடியோ லீவு. அன்று மதியம் சதீஷ் சென்னைக்குக் கிளம்புகிறான், ஃபிளைட்.

சிவப்பு வட்டம்

கிரிவலப் பாதையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறவள் பௌர்ணமியில் ரெக்கார்டிங் வைக்கமாட்டாள். வருஷ ஆரம்பத்திலேயே காலண்டரைப் பார்த்து அந்த நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடுவேன். ஆனால் காலண்டரில் ஒரு நாளைத்தான் குறித்திருப்பார்கள். திதி முந்தின நாள் காலையிலேயே பிறந்துவிட்டால் கூட்டமும் அப்போதே பிறந்துவிடும். இந்த ஊரில் கற்பூரம் விற்கிறவர்கூடத் திதி நேரத்தைப் பார்த்துத்தான் கடை போடுவார்.

நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. என்னிடம் வருகிற பக்திப்பாட்டுக்காரர்கள் எனக்கு முன்னால் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுத்தான் தேதியே கேட்பார்கள். மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் திதி பார்க்கவில்லை, நான் பார்த்திருப்பேன் என்று நம்பினார்கள்.

இரண்டாம் நாள் பத்தரைக்குத் திதி பிறந்தது. சதீஷ் முதல் பாட்டின் நடுவில் இருந்தான். வாசலுக்கு எதிரே இருந்த கம்பத்து ஸ்பீக்கர் பாடத் தொடங்கியது. டிரம்ஸுக்கு வைத்திருந்த எட்டு மைக்கிலும் “அண்ணாமலையானே” என்று இறங்கியது. கூம்பு ஸ்பீக்கரிலும் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. நல்ல மிக்ஸ் என்று அந்தக் களேபரத்திலும் ஒரு கணம் தோன்றியது, மறைக்க விரும்பவில்லை.

எதிரே நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தவரிடம் ஓடினேன். “அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்களேன். உள்ள ரெக்கார்டிங் நடக்குது.”

“இன்னாக்கா, உங்க பாட்டுதானே போட்டிருக்கேன்?” என்று சிரித்தார். “பத்தரைக்கே திதி வந்துடுச்சே, நாளைக்கு மதியம் வரைக்கும் ஓடும். உங்களுக்குத் தெரியாததா? நான் ஆஃப் பண்ணிடறேன். அடுத்த கம்பத்துல பாடறத யாரு ஆஃப் பண்றது? அரோகரான்னு போறவங்க வாயை யாரு மூடறது?”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளே வந்து பிள்ளைகளிடம் சொன்னது வேறு. “பந்தக்காரன் ஒத்துக்கமாட்டேங்கறான்” என்றேன். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், திதி பார்க்கத் தவறிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் வித்தை காட்டினேன். கதவுக்கு மெத்தை, ஜன்னலுக்குக் கம்பளி. மைக்கை டிரம்ஸ் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்குள் தலையணை வைத்தேன். சிம்பல் தட்டுகளுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கை என்ன செய்ய முடியும்? அது அறையையே கேட்கிற மைக். சதீஷ் ஏழு முறை வாசித்தான், ஏழிலும் பின்னணிப் பாடகர்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பிரவீன் சொன்னான்: “டேய், பேசாம புரோகிராம் பண்ணிடலாம். கம்ப்யூட்டர் டிரம்ஸ். நெறைய பேண்ட் அப்படித்தான் பண்றாங்க.”

சதீஷ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சிம்பலில் பதிந்திருந்த கைரேகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். “சரிடா. ஆல்பம் வரணும்ல, அதான் முக்கியம்” என்றான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறு வருஷம் வாசித்தவன் தன் முதல் ஆல்பத்திலேயே இல்லாமல் போகப்போகிறான், அதுவும் என்னால்.

“பந்தக்காரர் மேல தப்பு இல்லப்பா” என்றேன். “நான்தான் திதி பாக்கல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நாளை மதியம் வரைக்கும் இந்தச் சத்தம் நிக்காது.”

திட்டுவார்கள் என்று நினைத்தேன். பிரவீனின் முகம் இறுகியது, அவ்வளவுதான். வெங்கடேசன் கண்ணாடியைத் துடைத்தபடி, “நாளைக்கு மதியம் வரைக்கும்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா வேற எடம் பாத்திருக்கலாமே மேடம்” என்றார். குரலை உயர்த்தாமல் அவர் சொன்னது இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

உடனே சதீஷ் எழுந்தான். “கீழ்பென்னாத்தூர்ல எங்க பெரியப்பா குடோன் இருக்கு. அங்க ஒரு சத்தமும் இருக்காது.”

பத்து நிமிடத்தில் வழி பிறந்துவிட்டது. இரண்டு மணி நேரம் நான் அதை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எந்த ஊர் வாத்தியம்?

வழி பிறந்தாலும் ரோடு திறக்கவில்லை. பாதை முழுக்க ஜனம், வண்டிகளை எல்லாம் தடுத்துவிட்டார்கள். சதீஷ் ஏற்பாடு செய்த குட்டி யானை லோடு வண்டி ஈசானிய லிங்கத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடிந்தது. நாலு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

தூக்கிக்கொண்டு நடந்தோம். சதீஷ் கிக் டிரம்மை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிரவீனிடம் தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாம், நந்தாவிடம் இரண்டு சின்ன டாமும் சிம்பல் பையும். வெங்கடேசன் ஸ்டாண்டுகளைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். நான் லேப்டாப்பும் மைக் பெட்டியும் ஸ்னேர் டிரம்மும். கிளம்பும்போது வெங்கடேசன் செருப்பைக் கழற்றி ஸ்டுடியோ வாசலில் விட்டார். “மலையைச் சுத்தறப்ப செருப்பு போட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா தோலை உரிச்சிடுவாங்க” என்றார். மண்டை ஓடு போட்ட மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கழற்றினார்கள். நானும்.

வெயில் இறங்காத தார்ரோடு. குபேர லிங்கம் தாண்டியதும் ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்தார். “எந்த ஊரு கைலாய வாத்தியம்பா நீங்க? இந்த மாதிரி மேளம் பாத்ததே இல்லையே” என்றார். டி-ஷர்ட்டைப் பார்த்து, “சுடுகாட்டுச் சிவன் படமா? நல்லாருக்கு” என்றும் சொன்னார்.

“இந்த ஊருதாங்க” என்றான் பிரவீன்.

“அப்ப அடிங்களேன் கொஞ்சம்!”

அதற்குள் இருபது பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். சதீஷ் என்னைப் பார்த்தான். நான் ஸ்னேரைக் கீழே வைத்தேன், பிரவீன் ஃப்ளோர் டாமை வைத்தான். சதீஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தான். அவர்கள் மூன்றாவது பாட்டின் தொடக்கம் அது, பொறி பறக்கிற வேகம். கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அப்போது பக்கத்திலிருந்தவருக்கே குரல் கேட்காத எங்கள் வெங்கடேசன், ஸ்டாண்டுகளைத் தோளில் சுமந்தபடியே, அடிவயிற்றிலிருந்து உறுமினார்: “அண்ணாமலையாருக்கு!”

“அரோகரா!” என்று அந்த ரோடே திருப்பிச் சொன்னது. முன்னால் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனையோ பேரைப் பாட வைத்திருக்கிறேன், அப்படி ஒரு பதில் யாருக்கும் வந்து நான் கேட்டதில்லை. அந்தப் பெரியவர் ஸ்னேரைத் தானே தூக்கிக்கொண்டு ஈசானிய லிங்கம் வரை வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மல்லாட்டை மூட்டை

வண்டியில் ஏற்றிக் கிளம்பும்போதே இருட்டிவிட்டது. மறுநாள் விடிந்ததும் குடோனில் இருந்தோம். சதீஷின் பெரியப்பா கதவைத் திறந்துவிட்டு, “மல்லாட்டை மூட்டையெல்லாம் இடிஞ்சு விழாதே?” என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போய் ஒரு முறை கை தட்டினேன். எதிரொலி இல்லை. மூன்று பக்கமும் கூரைக்குக் கீழ்வரை வேர்க்கடலை மூட்டை. சென்னையில் பஞ்சும் மரமும் வைத்துச் சுவர் கட்டி வரவழைக்கிற சவுண்ட் அங்கே சும்மா கிடந்தது. மூட்டைகளுக்கு நடுவில் செட்டைப் போட்டேன். ஓவர்ஹெட் மைக்கைக் கொஞ்சம் தைரியமாகவே உயர்த்தி வைத்தேன். சதீஷ் கிக்கை ஒரு மிதி மிதித்தான். ஹெட்போனில் அந்த ஒரு அடியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடலைத் தோல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதினோரு மணிக்குள் ஏழு பாட்டு முடிந்தது. எட்டாவதுதான் ‘சுடுபாறை’. ஏழு நிமிடம், இரண்டு காலும் நிற்காமல் டபுள் பெடலில் ஓட வேண்டும். முந்தின நாள் வெறுங்காலில் சுமந்து நடந்தவன். பாதங்கள் கொப்பளித்திருந்தன. ஐந்து டேக் எடுத்தோம், ஐந்திலும் கடைசி நிமிடத்தில் கால் பின்தங்கியது.

ஒரு மணிக்கு அவனை ஏர்போர்ட் கூட்டிப்போகக் கார் வந்துவிடும். “அந்த ஒரு நிமிஷத்த மட்டும் தனியா அடிச்சுடு, நான் ஒட்டிடறேன்” என்றேன். எல்லா ஸ்டுடியோவிலும் செய்கிறதுதான்.

“ஒட்டினா எனக்குத் தெரியும்க்கா” என்றான். “இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

பிரவீன் எதிரில் மூட்டை மேல் உட்கார்ந்து, ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே கிடாரை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஆறாவது நிமிடத்தில் சதீஷ் கண்ணை மூடினான். கால் பின்தங்கவில்லை. கடைசி சிம்பல் ஓய்ந்து அடங்கும் வரை நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. வாசலில் நின்றிருந்த பெரியப்பா மட்டும், “முடிஞ்சுதா?” என்றார். மணி பன்னிரண்டு நாற்பது.

சதீஷ் அப்படியே மூட்டையில் சாய்ந்துவிட்டான். “அக்கா, இனிமே நான் ஊர்ல இல்லாட்டியும் இதுல இருக்கேன்ல?”

“இருக்கடா” என்றேன்.

கிடார், பேஸ், குரல் எல்லாம் அடுத்த சில மாதங்களில் என் ஸ்டுடியோவிலேயே எடுத்தோம், திதி பார்த்து. ஆல்பம் வெளிவந்ததும் எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர், டிரம்ஸை எந்த ஹாலில் பதிவு செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டார். பிரவீன் குடோன் போட்டோவை அனுப்பிவைத்தான். நான் வேலை செய்த எல்லாவற்றிலும் நான் முதலில் எடுத்துப் போட்டுக் காட்டுவது அந்த ஆல்பத்தைத்தான். சாமி பாட்டுக்காரர்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன், காதைப் பொத்திக்கொண்டாலும் விடுவதில்லை.

வெளிவந்த வாரம் சதீஷ் வளைகுடாவிலிருந்து போன் செய்தான். “ரூம்ல ஆறு பேரு இருக்கோம்க்கா. போட்டுக் காட்டினேன். ஒருத்தனுக்கும் பாட்டு புரியல. அடிக்கிறது நான்தான்னு சொன்னேன். உடனே எழுந்து உக்காந்து, மொதல்லேர்ந்து போடுன்னுட்டாங்க.”

தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். எந்த மைக் நல்ல மைக், எந்த ரூம் நல்ல ரூம் என்று போகப்போகத் தெரிந்துகொள்வீர்கள். தப்பு உங்களுடையது என்றால் அதை அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் இன்னும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த ஆறு பேர் ரூமில் கம்ப்யூட்டர்தான் அடித்துக்கொண்டிருக்கும், சதீஷும் அவர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.