மேற்குப் பக்கக் கண்ணாடி

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைச் சுற்றவைக்கப் போகிற காற்று, போகிற வழியில் நாகர்கோவிலில் எங்கள் எட்டாவது மாடியில் முட்டிவிட்டுத்தான் போகிறது. உள்ளே வர வழியில்லை. மேற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. துபாயைப் பார்த்துக் கட்டினானாம், கட்டினவன். நாசமாய்ப் போக!

மத்தியானம் திரும்பினால் வீடு அடுப்பாகிவிடும். ஏசி போட்டால் எனக்கு இழுப்பு வரும், அணைத்தால் வெந்துபோவேன். இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு புலம்புவதே தினமும் என் வேலையாகிவிட்டது.

போன வருஷம் குடியிருப்போர் சங்கம் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தது. இந்தக் கண்ணாடியில் பாதியைக் கழற்றித் திறக்கிற ஜன்னல் வைக்கலாம், வெளியே வெயில் மறைப்பு போடலாம், ஏசி ஓட்டம் குறைந்துவிட்டால் மொட்டை மாடி சோலாரிலேயே மொத்தக் கட்டடத்துக்கும் கரண்ட் கிடைத்துவிடும் என்றார் அவர். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. எல்லாக் குடும்பமும் தலையாட்டியது, ஒரே ஒருவரைத் தவிர. அவர் என் வீட்டுக்காரர்.

"கண்ணாடியத் தொடப்பிடாது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. கெஞ்சினேன், ஏசினேன். பேசாமலும் இருந்து பார்த்தேன், மனுஷன் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒரு நாள் மூச்சு இழுக்க இழுக்கக் கத்திவிட்டேன். "நான் செத்தாலும் ஒங்களுக்கு இந்தக் கண்ணாடிதான் பெருசு, இல்லியா?"

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார். "ஏட்டி, துபாய்ல இருவது வருஷம் கயித்துல தொங்கி இதத்தான் மாட்டினேன். வெளிய தோல உரிக்கிற வெயிலு. உள்ள ஒருத்தன் கோட்டு போட்டுட்டு காப்பி குடிப்பான். ஒரு நாளாவது உள்ள இருந்து வெளிய பாக்கணும்னு ஆசைப்பட்டுக் கெடந்தேன்."

என்னிடம் இத்தனை வருஷமும் 'பில்டிங் வேலை' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் போகவில்லை.

"பாத்தாச்சுல்லா? இனி நானும் கொஞ்சம் மூச்சு விடணும்" என்றேன். மறுநாள் சங்கத்தில் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. எங்கள் வீட்டு முதல் ஜன்னல் திறந்ததும் காற்றுக்காக ஓடினேன். அங்கே நிற்க இடமில்லை. ஜன்னலை மறித்து நின்றுகொண்டு, வெளியே கயிற்றில் தொங்கினவனிடம் சாயா நீட்டிக்கொண்டிருந்தார் இவர்.

"உள்ள கேறி வா மக்கா. இருந்து குடி."