போத்தலுக்கு மாட்டிய மஞ்சள் காலுறை

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே ஓர் இழுப்பறை இருக்கிறது. கற்பூரம், திரி, தீப்பெட்டி, யாரோ பழனிக்குப் போய் வந்து கொடுத்த விபூதிப் பொட்டலம், இவற்றோடு கைக்குழந்தையின் காலுறை ஒன்றும் அதில் கிடக்கிறது. மஞ்சள் நிறம். ஒற்றை. அதன் ஜோடி என்னிடம் இல்லை. அது என் மகளுடையதும் அல்ல. வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் திரி எடுக்கும்போதெல்லாம் அது விரலில் தட்டும். அப்போது ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிப்பேன். பதினோரு வருடமாக இப்படித்தான்.

நான் பிறந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். என் படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது, பிறகு வேலை, பிறகு கல்யாணம். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை. கடைசியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மாரியம்மன் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நின்று சொன்னேன்: "ஒரு பிள்ளையைக் கொடு தாயே. ஆறு மாதம் வரைக்கும் என் பாலைத் தவிர வேறெதையும் அதன் நாக்கில் வைக்க மாட்டேன். அது பால் குடிக்கிற வரைக்கும் வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் விரதம் இருப்பேன்." அடுத்த வருடம் மகள் பிறந்தாள். கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். சொன்னதை நான் செய்ய வேண்டும்.

ஆனால் பால் என் சொல் கேட்கவில்லை. இடது பக்கம் நன்றாகச் சுரக்கும், சட்டை நனையும். வலது பக்கம் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஏதோ கடனே என்று நாலு சொட்டு. பிள்ளை அந்தப் பக்கம் வாய் வைத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் தின்று பார்த்தேன். இரண்டு மாத விடுப்பு முடிந்து கையுறை ஃபேக்டரிக்குத் திரும்பியதும் நிலைமை இன்னும் மோசமானது. நான் எடுத்து வைத்துவிட்டுப் போகிற போத்தல் மத்தியானத்தோடு தீர்ந்துவிடும். பிறகு நான் வரும்வரை பிள்ளை விரலைச் சப்பிக்கொண்டு அழுவாள். "டின் பால் கலக்கிக் குடுத்தா வானம் இடிஞ்சி விழுந்துருமா?" என்று மாமியார் கேட்பார். "சாமிகிட்ட சொல்லிட்டேன் மாமி" என்பேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கிளினிக்கில் எடை போடும் நர்ஸ் மிஸி, பிள்ளையின் புத்தகத்தில் புள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். மேலே ஏற வேண்டிய எடைக்கோடு படுத்தே கிடந்தது.

ஃபேக்டரியில் பால் எடுக்கத் தனி அறை கிடையாது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி, அட்டைப்பெட்டி அடுக்கும் ஸ்டோரில் ஒரு மூலையை வாங்கினோம். வாங்கினோம் என்றால் நானும், கூட வேலை செய்த ஓர் அக்காவும். அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், பாகான் டத்தோ தென்னந்தோப்புப் பக்கம் பிறந்தவர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. அவருக்கு அது மூன்றாவது பிள்ளை, என் மகளுக்கு ஒரு வாரம் இளையவன். ஒரே லைனில் எதிரெதிரே நின்று கையுறையில் ஓட்டை பார்க்கிற வேலை எங்களுக்கு. இடைவேளைக்கு ரெஹாட் மணி அடித்ததும் பால் எடுக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடுவோம். ஆளுக்கொரு பம்ப் இருந்தது. ஆனால் சுவரில் பிளக் ஒன்றுதான். அரைமணி நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்.

அக்காவுக்குப் பால் கொட்டும். பம்பைப் போட்ட நிமிடத்தில் போத்தலில் சரசரவென்று இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என்னுடையதில் காற்று இழுக்கும் சத்தம்தான். அக்கா கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு கேலி பண்ணுவார்.

"என்னா தங்கச்சி, இன்னிக்கு எப்படி?"

"இடதுல வருது அக்கா. வலதுல ஒன்னும் காணோம்."

"இடது ஓ.டி. செய்யுது, வலது எம்.சி. லீவு போட்டுருச்சி. விடு லா. எந்த ஃபேக்டரிலயும் அப்படித்தான்."

நான் சிரிப்பேன். சிரித்த நாட்களில் வலது பக்கமும் கொஞ்சம் இறங்கும். அது எனக்கு அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

சில வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா பம்ப் போட்டுவிட்டு, பையிலிருந்து மகனுடைய மஞ்சள் காலுறை ஒன்றை எடுத்துப் போத்தல்மேல் மாட்டினார். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகாமல் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "நீ போடு. எனக்கு வேண்டியது வந்துருச்சி." திங்கட்கிழமை காலுறை இல்லை. செவ்வாய், புதன், வியாழனும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் காலுறை, மறுபடியும் ஐந்து நிமிடத்தில் பிளக்.

எனக்குள் ஏதோ கறுத்தது. எங்கள் தோட்டத்தில், பிள்ளை பெற்றவள் பாலைப் பிறத்தியார் பார்க்கக் கூடாது என்பார்கள். கண் பட்டால் வற்றிவிடும், கட்டிக்கொள்ளும். பீய்ச்சிய பாலைக்கூட எறும்பு மொய்க்காத இடமாகப் பார்த்துச் செடிக்கு ஊற்றச் சொல்வார் அம்மா. அக்காவும் தோட்டத்து மனுஷிதானே, அவருக்கா தெரியாது? வெள்ளிக்கிழமை பார்த்து என் கண்ணுக்குப் பயந்து மூடுகிறார் என்று முடிவுகட்டினேன். பிளக்கைக் கொடுப்பதும், நிறைய இருப்பவர் மிச்சத்தைத் தூக்கிப் போடுவதுபோல் எனக்குப் பட்டது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அவர் நேரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலையிலிருந்து வாயில் ஒன்றும் படாத மயக்கத்தோடு அம்மன் முன்னால் நின்றேன். அன்று முழுவதும் சேர்த்துப் போத்தலில் அடிதான் நனைந்திருந்தது. கும்பிட்ட கையோடு மனசுக்குள் சொன்னேன்: "அவங்களுக்கு வழியுது, எனக்குச் சொட்டுது. இது என்ன நியாயம் தாயே? அதுல கொஞ்சம் குறைஞ்சாத்தான் என்ன?"

கேட்டேன். என் வாயால் இல்லை, மனசால். சாமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த வாரத்தில் அக்கா லைனில் நின்றபடியே நடுங்கினார். கன்னம் சிவந்து, கையைத் தூக்க முடியாமல் நின்றார். "பால் கட்டிக்கிச்சி, கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குப் போனவர் வேலைக்குத் திரும்பவில்லை. சீழ் வைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்களாம். ஃபேக்டரியில் பேசிக்கொண்டார்கள்.

என் கண்தான் என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. பிராயச்சித்தமாகச் செவ்வாய்க்கிழமையும் விரதம் பிடித்தேன். அவருக்கு நல்லபடி ஆக வேண்டும் என்று அதே அம்மனிடம் அழுதேன். ஸ்டோரில் இப்போது பிளக் எனக்கு மட்டும்தான், அரைமணியும் எனக்குத்தான். ஆனால் இடது பக்கமும் அடங்கத் தொடங்கியது. கிளினிக்கில் மிஸி பிள்ளையைத் தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். போன தடவையைவிட எடை குறைந்திருந்தது. "ரெண்டு வாரம் பாக்கறேன்மா. ஏறலன்னா ஆஸ்பத்திரியில சேத்துடணும்" என்றார். மகள் அழவில்லை. அழுகிற தெம்பு குறைந்த பிள்ளை எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்றுதான் போனேன். அக்கா நைட்டிக்குமேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் மகனை மடியில் வைத்து டின் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"நான் மொதல்ல சொல்லிக்கிறேன். உன் மூஞ்சிய கண்ணாடில பாத்தியா? ஒட்டடக் கம்பு மாதிரி இருக்க. இன்னும் வெரதமா?"

"இப்ப செவ்வாயும் சேத்து."

"செவ்வாயுமா? ஐயோ கடவுளே." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமை ஆனா உனக்குச் சொட்டு வராது. சனிக்கிழமை பாதி. திங்கக்கிழமை பழையபடி வந்துரும். பக்கத்துல உக்காந்து பாத்தவ நான்தானே. மாட்டுக்குத் தண்ணி காட்டாம யாராச்சும் பால் கறப்பாங்களா லா?"

"சாமிக்குச் சொன்ன வாக்கு அக்கா."

"நான் வேதக்காரி, உங்க சாமி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா அதுவும் தாயின்னுதான சொல்றீங்க? எந்தத் தாய் பால் குடுக்கறவள பட்டினி போடும்?"

கடைசியில் கேட்டேவிட்டேன், "அப்போ வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் அக்கா போத்தல மூடுனீங்க?"

அக்கா என்னைப் புரியாமல் பார்த்தார். "அன்னிக்குத்தான் உனக்கு ஒன்னும் இருக்காது. எனக்கு ரொம்பறத நீ பாத்துக்கிட்டு உக்காரணுமா? மனசு நொந்தா இருக்கறதும் இறங்காது. இரு." உள்ளே போய் அந்தக் காலுறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இனிமே உன் போத்தல்ல மாட்டு. எவ்வளவு வந்துச்சின்னு எட்டி எட்டிப் பாக்காத. அதுபாட்டுக்கு வரும்."

அப்போது அவர் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சொன்னார்: "டாக்டர் சொன்னாரும்மா. நேரத்துக்கு முழுசா எடுக்காம பாதி பாதியா விட்டிருக்காங்க, அதான் கட்டிக்கிச்சின்னாரு. ஃபேக்டரில நேரம் குடுக்கலியான்னு நானும் கேக்கறேன், இவ வாயத் தொறக்க மாட்டேங்கறா."

"போதும், தங்கச்சிக்குத் தேத்தண்ணி போடுங்க" என்றார் அக்கா. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் பிடுங்கிக் கொடுத்த பிளக் என் கண்முன்னால் வந்தது. காலுறைக்குள் இருந்த போத்தலில் எவ்வளவு இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதில் பாதிகூட இருந்திருக்காது. மார்பு கனக்கக் கனக்க ஏப்ரனைக் கட்டிக்கொண்டு லைனுக்குப் போயிருக்கிறார். என் கண் ஒன்றும் செய்யவில்லை. நான் கை நீட்டி வாங்கிக்கொண்டதுதான் செய்தது. அதை அவர் அறிந்தே, யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்தார். சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தேன், காலுறையைப் பையில் வைத்தேன், எழுந்து வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை சாமி மேடை முன்னால் நின்று ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். வெள்ளி விரதத்தையும் அதோடு விட்டேன். மிஸியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் திட்டவில்லை. பலமில்லாத பக்கத்தை முதலில் கொடு, கொஞ்ச நாளைக்குச் சாயங்காலம் ஒரு வேளை டின் பாலும் கொடு, எடை ஏறட்டும் என்றார். அம்மனிடம் போய் விழுந்து கும்பிட்டேன். "வாக்கு தவறிட்டேன் தாயே, பிள்ளை மேல காட்டிடாதே" என்றேன். வீட்டுக்கு வந்து நானே டின் பாலைக் கலக்கினேன். மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். ஸ்டோரில் போத்தலுக்குக் காலுறையை மாட்டிவிட்டு அக்காவின் வாளிமேல் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கோடு ஏறியது. இடது பக்கம் மீண்டது. வலது கடைசிவரை இடதோடு சேரவே இல்லை. பிறகு அதற்காக நான் அழவும் இல்லை.

அக்காவுக்குக் கீறிய பக்கத்தில் பால் நின்றேபோனது. மறுபக்கமும் சீக்கிரமே வற்றிவிட்டது. அவர் மகன் டின் பாலில்தான் வளர்ந்தான். நன்றாகத்தான் வளர்ந்தான், என் மகளைவிட ஒரு சாண் உயரம். அக்காவின் வீட்டுக்காரருக்குத் தஞ்சோங் மாலிமில் கார் ஃபேக்டரி வேலை கிடைத்து அங்கே போய்விட்டார்கள். தீபாவளிக்கு அவர் போனில் கூப்பிடுவார், கிறிஸ்துமஸுக்கு நான். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டார்: "அந்த சாக்ஸோட ஜோடி என் அலமாரில கெடக்கு. நீ வச்சிருக்கியா, தூக்கிப் போட்டியா?"

"இருக்கு அக்கா. கொண்டாந்து தரேன்."

"அவன் காலு இப்ப அப்பன் செருப்பப் போடுது. சாக்ஸ் வேணாம், உன் மவள கூட்டிட்டு வா."

ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துப் பாடு. நான் போகவில்லை. போனால் இந்தத் தடவை சொல்லியாக வேண்டும், அம்மனிடம் என்ன கேட்டேன் என்பதையும், பிளக்கை எனக்குக் கொடுத்ததால்தான் அவருக்குக் கட்டிக்கொண்டது என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும் என்பதையும். அக்கா சிரித்து "விடு லா" என்பார். அதுதான் எனக்குப் பயம்.

இன்று வெள்ளிக்கிழமை. தீப்பெட்டி எடுக்கப்போன மகள் காலுறையை வெளியே எடுத்து இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இது யாரோடதும்மா?"

"தஞ்சோங் மாலிம்ல ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்க மகனோடது. திருப்பிக் குடுக்கணும்."

"எப்போ?"

தண்ணீரைக் குடித்தேன். விளக்கை ஏற்றினேன். அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

"நாளன்னிக்கு, ஞாயித்துக்கிழமை" என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மன் முன்னால் நான் கொடுத்த வாக்கு ஒன்று ஏற்கெனவே தவறிப்போயிருக்கிறது.