பாதி ஐஸ்

1. கிரஷர் சொல்லும் சேதி

காரைக்காலில் ஒரு ஐஸ் பிளாண்டில் ஃபோர்மேனாக இருந்தேன். கேன் என்னும் தகர அச்சில் இன்று தண்ணீர் ஊற்றினால் நாளைக்குத்தான் ஐஸ் பார் உறையும். எனவே நாளை எத்தனை பார் விற்கும் என்பதை இன்றே கணித்தாக வேண்டும். அதுதான் என் வேலை.

எங்களிடம் ஐஸ் எடுத்த லாஞ்சுகள் இருபத்திரண்டு. எல்லாம் மத்தி மீனை நம்பிய விசைப்படகுகள். கடலுக்குக் கிளம்பும் முன் ஏற்றும் பாரை உடைக்கும் கிரஷர் ஓடினால் துறைமுகம் முழுக்கக் கேட்கும். நீண்ட நேரம் ஓடினால் அந்த லாஞ்சுக்காரர் மீன் இருக்கும் இடம் அறிந்தவர் என்று அர்த்தம். யாரும் மறைத்ததில்லை. மீனைக் கண்டவர் வயர்லெஸ்ஸில் மற்றவர்களையும் கூப்பிடுவார். மத்தி குறைந்த பிறகுதான் இந்தக் கணக்கு குழம்பியது.

2. சம்மந்திகள்

பட்டினச்சேரி குமாரசாமி வழக்கமாக நூறு பார் எடுப்பவர். அன்று ஐம்பதோடு கிரஷரை நிறுத்தச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற மாரியப்பனின் மகனுக்குத்தான் குமாரசாமி பெண் கொடுத்திருந்தார்.

“என்ன சம்மந்தி, பாதியிலயே நிறுத்திட்டீங்க?”

“கெழக்க ஒண்ணுமில்லிங்க. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு.”

“டீசல் மட்டும் ரொம்பப் போட்டிருக்கீங்களே. கடல்ல காத்து வாங்கப் போறீங்களோ?”

குமாரசாமி சிரித்துச் சமாளித்தார்.

திரும்பி வந்தபோது லாஞ்சு நிறைய மத்தி. மேலே இருந்த மீனுக்குக் கண் தெளிவாக இருந்தது. ஐஸ் எட்டாத கீழ் மீனெல்லாம் வயிறு வெடித்துக் கிடந்தது. அது கருவாட்டுக்கும் ஆகவில்லை. கோழித் தீவனத்துக்குப் போனது.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கிட்ட ஐஸ் கெடந்துச்சே சம்மந்தி” என்றார் மாரியப்பன்.

“சொல்லியிருந்தா எனக்கு மீன் மிஞ்சியிருக்குமா?”

அதன் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது. யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

3. எத்தனை கேன்?

ஒருவர் மறைத்தால் எல்லாரும் மறைப்பார்கள் போலும். மீன் இருக்கும் இடம் தெரிந்தவர் குறைவாகக் கேட்டார். தெரியாதவர், தெரிந்தவர்போலக் காட்ட நிறையக் கேட்டு, பாதியைத் திருப்பிவிட்டார். வயர்லெஸ்ஸில் வந்த சேதியை ஒருவரும் நம்பவில்லை.

முதலாளி கோபித்தார். “என்னங்க, இத்தனை வருஷ சர்வீஸ்ல நாளைக்கு எத்தனை பார் போகும்னு சொல்லத் தெரியலையா?”

“நூறு கேக்கறவர்கிட்ட மீன் இல்லிங்க. முப்பது கேக்கறவர்கிட்ட இருக்கலாம். ஆனா முப்பது கேக்கற எல்லார்கிட்டயும் இருக்கும்னு சொல்ல முடியாதுங்க.”

“நீங்க பேசறது உங்களுக்காச்சும் புரியுதா?”

புரியவில்லைதான். ஐஸ் உறையவைக்கும் இரண்டு கம்ப்ரசரில் ஒன்றை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

4. சரிபங்கு

அந்தச் சமயம் பார்த்து மத்தி கரையோரமாகவே வந்துவிட்டது. இருபத்திரண்டு லாஞ்சும் நிறைந்து வந்து ஐஸுக்கு நின்றன. பிளாண்டில் இருந்ததோ நாலைந்து லாஞ்சுக்குத்தான் காணும்.

“நாலு லாஞ்சுக்கு முழுசாக் கொடுங்க. வித்து எல்லாருமா பிரிச்சுக்கலாம்” என்றார் மாரியப்பன்.

“பிரிச்சுக் கொடுக்கப்போறது யாரு, நீங்களா?” என்று குமாரசாமி கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மாரியப்பன் சிரிக்கவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தார் வந்து, “ஆருக்கும் பொல்லாப்பு வேணாம். சரிசமமாப் போட்டுடுங்க” என்றார்கள். எண்ணிச் சமமாகப் போட்டேன். ஒரு பார்கூடக் கூடவில்லை, குறையவில்லை. மறுநாள் இருபத்திரண்டு லாஞ்சு மீனும் கெட்டுப்போனது.

அத்தனை மத்தி அப்புறம் வரவில்லை. லாஞ்சுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. ஆட்கள் கேரளாவுக்குப் போனார்கள். பிளாண்டையும் பூட்டினார்கள்.

மத்தி குறைந்ததால் ஊர் கெட்டதா, ஊர் கெட்டதால் வந்த மத்தியும் வீணானதா என்று எனக்குத் தெளிவில்லை. இப்போது நான் இருக்கும் வேறொரு பிளாண்டில் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: ஆட்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் காலத்தில் கேனைக் குறைக்காதீர்கள், கூடுதலாக ஊற்றி வையுங்கள். விற்காவிட்டால் கரைந்து போவது தண்ணீர்தான்.