கட்டிலோரப் பரீட்சை

செய்முறைப் பரீட்சைக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பரீட்சையைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை என்பதை. எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். நமுனுகுலயிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வழி முழுக்க நின்றுகொண்டே பதுளைக்கு வந்து சேர்ந்தால், பயிற்சி நிலையத்தின் கேட்டே திறக்கவில்லை. அடையாள அட்டை, இரண்டு போட்டோ, வேலை செய்த விபரம் எழுதிய ஃபைல், வெள்ளை உடுப்பு எல்லாம் பார்த்தார்கள். நகம் வெட்டியிருக்கிறதா என்று விரலை நீட்டச் சொன்னார்கள். பிறகு மூக்குத்தியைக் கழற்று என்றார்கள். இருபது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி. சவர்க்காரம் போட்டுத் திருகியதில் மூக்கு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில் அதன் மேலேயே ஒரு பிளாஸ்டரை ஒட்டிவிட்டார்கள். அந்தக் கோலத்தோடு பத்தரை மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கான பரீட்சை அது. சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவதாக ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வயது நாற்பத்தைந்தைத் தாண்டக்கூடாதாம். எனக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. அடுத்த பரீட்சையோ ஆறு மாதம் கழித்துத்தான். இன்றைக்குக் கோட்டை விட்டால் மறுபடி மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுக்க வேண்டியதுதான். என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

பயம் மட்டும் இல்லை. கொழும்பில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த வயதான அம்மா ஒருவரை, அவர் கண்மூடும்வரை பதினொரு வருடம் பார்த்தவள் நான். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. என்னிடம் இவர்கள் என்னத்தைப் பெரிதாகச் சோதித்துவிடப் போகிறார்கள் என்ற திமிர்கூட இருந்தது.

பொம்மை வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர் பார்க்க வேண்டும், அப்புறம் மாற வேண்டும். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எனக்கு ஜோடி. இருபது வயது இருக்கும். அவள் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் தோளில் கைவைத்துப் புரட்டினேன். அவள் திடுக்கிட்டு உடம்பைச் சுருக்கினாள்.

"நிப்பாட்டுங்க!" என்றார் பரீட்சகர். பதுளை டவுனைச் சேர்ந்த முஸ்லிம் அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். "என்ன செய்யப் போறீங்கன்னு பேஷண்டுக்குச் சொன்னீங்களா?"

"இல்ல மிஸ்."

"சொல்லிட்டுத்தானே தொடணும்! பதினொரு வருஷம் பாத்ததா எழுதியிருக்கீங்க. அவங்ககிட்டயும் வாயே தொறக்க மாட்டீங்களா?"

"பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க மிஸ். பேச்சுக் குடுத்தா அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும், வேலைய மட்டும் பாருங்கன்னு அவங்க மகன் சொன்னாரு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் இருந்தா கடைசில இன்னொரு தடவ தாறேன். அதுலயும் பேசலன்னா ஃபெயில்தான். என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

போச்சு, எல்லாம் போச்சு என்று எண்ணிக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுத்தேன். இப்போது அந்தப் பிள்ளையின் முறை. சரியான வாயாடி. "அக்கா, இப்ப ஒங்க வலது கையத் தூக்கப் போறேன். தண்ணி சூடா இருந்தா சொல்லுங்க அக்கா. இப்ப காலத் தொடைக்கப் போறேன்..." சொல்லிச் சொல்லித் துடைத்தாள். எனக்கு நினைவு தெரிந்து யாரும் என் காலைத் துடைத்துவிட்டதில்லை. விடியுமுன்னே எழுந்த உடம்பு வேறு.

"எழும்புங்க, எழும்புங்க!" மிஸ் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார். "பேஷண்டே கொறட்ட விட்டா, பின்ன இவ பாஸ் தானே!" அறை முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான்கு மணிக்கு மேல் மறுபடி என்னைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளையே வந்து படுத்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து ஆரம்பித்தேன். "அம்மா, ஒங்களப் பாத்துக்க வந்திருக்கேன். இப்ப ஒங்க தோள்ல கை வைக்கப் போறேன். அப்புறம் இடது பக்கம் திருப்புவேன். பயப்படாதீங்கம்மா, நான் புடிச்சிருக்கேன்." தோளில் கை வைத்தேன். உடம்பு சுருங்கவில்லை. என் கைப்பக்கம் தானாகவே சாய்ந்து கொடுத்தது.

"இப்பத்தான் சரி. நீங்க பாஸ்," என்று மிஸ் தாளில் கையெழுத்துப் போட்டார். "என்ன இது, அழுவுறீங்க? சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"ஆமாங்க மிஸ்," என்று தலையாட்டினேன். சந்தோஷம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கொழும்பில் அந்த அம்மா, நான் தொட்ட ஒவ்வொரு தடவையும் உடம்பைச் சுருக்கினார். தோள்வலி என்று நினைத்துக்கொண்டு, பதினொரு வருடமும் தைலம் தேய்த்துவிட்டேன். அதையும் சொல்லாமல்தான் தேய்த்தேன்.