பின்பெஞ்சு மார்க்கு

நாகவேணி டீச்சரின் குரல் ஆற்றுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் கேட்கும். எங்கள் கொப்பல்மனைப் பள்ளிக்கூடத்தில் மனக்கணக்கை அவள்தான் வாசிப்பாள். பிள்ளைகள் காதால் கேட்டு விடை எழுத வேண்டும்.

அந்த ஆடியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் மனக்கணக்கில் பரீட்சைக்குப் பரீட்சை தோற்றார்கள். எட்டுப் பேரையும் நாலாம் வகுப்புக்கே திருப்பி அனுப்புவதென்று ஹெட்மாஸ்டர் உடுபர் முடிவு செய்து, சனிக்கிழமை பெற்றவர்களை வரச் சொல்லிவிட்டார். அதில் சுமித்ராவும் ஒருத்தி. அவள் அம்மா சீதக்கா டீச்சரிடம் வந்து, படித்த வகுப்பிலேயே மறுபடி உட்காருவதற்குப் பதில் பாக்குத் தோட்டத்து வேலைக்கு வரட்டும் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி டீச்சர் விடைத்தாள்களைத் தரையில் பரப்பினாள். பக்கத்திலேயே போன மாசி மாத மார்க்கை வைத்துப் பார்த்தாள். இதே எட்டுப் பேரில் ஆறு பேர் அப்போது நன்றாகத்தான் வாங்கியிருந்தார்கள். பிறகு வகுப்பில் யார் எங்கே உட்காருகிறார்களோ அந்த வரிசையில் தாள்களை அடுக்கினாள். எட்டும் கடைசி இரண்டு பெஞ்சில் போய் விழுந்தன.

உடுபர் அசரவில்லை. "பின்பெஞ்சுன்னா அப்படித்தான் டீச்சரே. இதுக்குப் பேப்பரை வேற பரப்பணுமா?"

"உயரமா இருக்காங்கன்னு நான்தான் ஜூன்ல பின்னாடி போட்டேன். வளந்தா கணக்கு மறந்துடுமா?"

மறுநாள் கேள்வித்தாளை உடுபர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு டீச்சரே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அறையின் முன்பக்கம் ஓடு. பின்பக்கம் அந்தக் கோடையில்தான் தகரம் போட்டு நீட்டியது. ஜூனில் பிடித்த மழை தகரத்தின் மேல் வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. உடுபரின் வாய் அசைவது தெரிந்தது, அவ்வளவுதான். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று சுமித்ராவைக் கேட்டாள்.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு டீச்சர், மழைதானே."

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் மழையை ஒரு காரணமாகச் சொன்னால் நாலு மாசம் ஒருத்தரும் ஒரு வேலையும் செய்ய முடியாது.

உடுபர் டீச்சரின் தாளையும் திருத்தினார். "பத்துக்கு ரெண்டு. உங்களையும் நாலாம் கிளாஸ்ல சேத்துடவா?"

"சேத்துக்கோங்க. சனிக்கிழமை சீதக்கா பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை கேள்விகளைப் போர்டில் எழுதிப் போட்டுப் பரீட்சை வைத்தார்கள். ஆறு பேர் தேறினார்கள். சுமித்ராவுக்கு ஒன்பது. மற்ற இரண்டு பேருக்கு உண்மையிலேயே வகுத்தல் வரவில்லை. அதற்கு மழை மேல் பழி போட முடியாது. அவர்களையும் டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை, தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொல்லித் தருகிறேன் என்று நின்றாள். உடுபர் அந்த எட்டுப் பேர் பட்டியலைக் கிழித்துப் போட்டார்.

சனிக்கிழமை சீதக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சரி டீச்சர். அப்போ வீட்ல நான் கூப்பிட்டா ஏன் திரும்ப மாட்டேங்குறா?"

"உங்க வீடு ஓடா, தகரமா?"

"ஓடு."

"அப்போ அது அவ குணம்."